வெள்ளானூர் எஸ்டேட்டில் ஒரு விசில்

"பறவை பேசும்போது நாம வாயைத் திறக்கக் கூடாது பாபு" என்றார் நடேசன். அதையும் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கழுத்தில் பைனாகுலர், தோளில் முழங்கை நீள லென்ஸ், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த பச்சைச் சட்டை. கொரட்டூர் பறவை ஆர்வலர் குழுவின் தலைவர். அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால், குழுவே வார இறுதியில் குடும்பத்தோடு வந்து பாபுவின் இந்தக் காபித் தோட்டத்தில் காசு கொடுத்துத் தங்கும். சொல்லாவிட்டால் காபிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மனை போட்டு விற்பதென்று பாபுவின் மனைவி ரேஷ்மா முடிவே செய்திருந்தாள்.

வெள்ளானூரில் காபி வளருமா என்று சிரிக்காத ஆளில்லை. மாமரத்தடியில், பச்சை வலைக்குக் கீழே, செடிகள் ஏதோ உயிரோடு இருந்தன.

ரேஷ்மா டம்ளரை நீட்டினாள்.

"நம்ம எஸ்டேட் காபியாம்மா?"

"ஆவடி கடையில வாங்கினது சார். நம்மளுது இன்னும் பூக்கவே இல்ல."

பொழுது சாய்ந்தது. செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. ஏறி இறங்கும் இரட்டை விசில். சற்று நின்று, மறுபடியும்.

பாபு துள்ளினான். "சார்! ஆறுமணிக்குருவி! இமயமலையாண்டேர்ந்து வருது சார்!"

நடேசன் லென்ஸைத் தொடக்கூட இல்லை. கண்ணை மூடி காபியை உறிஞ்சினார்.

"முப்பது வருஷமா இந்தக் காதை வளர்த்திருக்கேன். பறவைக்கு ஏதுப்பா உதடு? இது உதட்டு விசில். அடிக்கிறவனுக்கு நாப்பது வயசு. வெத்தலை போடுவான். முன்பல் ஒண்ணு ஆடுது."

மறுபடி விசில்.

"பாத்தியா, மூச்சு வாங்குது! யாரை ஏமாத்தற?"

பாபு அப்படியே அவர் காலைப் பிடித்தான்.

"மன்னிச்சிடு சார்! பெனிட்டோன்னு ஒரு மிமிக்ரிக்காரன் கீறான். சர்ச் திருவிழாவுல எல்லாம் பண்ணுவான். நான்தான் செடிக்குப் பின்னால குந்திகினு விசிலடிடான்னேன். ஆனா அவனுக்குப் பல்லு நல்லாத்தான் சார் கீது."

"ஆடும்" என்றார் நடேசன்.

போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். "நண்பர்களே, வெள்ளானூர் போலிப் பறவையைக் காதாலேயே பிடிச்சிட்டேன். யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்."

கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. ரேஷ்மா தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். மனதுக்குள் கயிறு பிடித்து மனை அளக்கிறாள் என்பது பாபுவுக்குப் புரிந்தது.

வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. தலையில் ஹெல்மெட்டோடு ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கோச்சுக்காத பாபு அண்ணாத்தே, திருவேற்காடாண்ட வண்டி பஞ்சர். இந்தா, வந்துட்டான் பெனிட்டோ! சொல்லு, எந்தச் செடிக்குப் பின்னால குந்திகினு விசிலடிக்கணும்?"