கன்று ஈன்ற மறுநாள்

நாரின் என்ற மலையூரின் பனியில் பட்ட மதிய வெயில் தொழுவத்துக்குள் கண்கூசத் தெறிக்கிறது. நேற்றுக் கன்று ஈன்ற பசு எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கிறது. பசுவுக்குச் சொந்தக்காரி பாத்மா அதன் காதைத் தொடுகிறாள், சில்லிட்டிருக்கிறது. குதிரையேறி வந்த மாட்டு டாக்டர் சாய்ரா, கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி, மருந்துப் புட்டியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். "ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச்சத்தெல்லாம் பாலுக்குப் போயிடுச்சுக்கா. அதான் விழுந்துடுச்சு." "வேகமா ஏத்தேன்டி! கண்ணு செருகுது பாரு!" என்று பாத்மா பதறுகிறாள். "வேகமா ஏத்தினா நெஞ்சு நின்னுடும். அது நெஞ்சுல கைய வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க." பாத்மா குளிர்ந்த ரோமத்துக்குள் உள்ளங்கையை அழுத்துகிறாள். துடிப்பு எங்கோ ஆழத்திலிருந்து விட்டுவிட்டு வருகிறது. நான்கு பிள்ளைகள் உள்ள அவள் வீட்டில் இருப்பது இந்த ஒரு பசுதான். கயிற்றில் கட்டிய கன்று பசியில் கத்திக்கொண்டே இருக்கிறது. புட்டி முக்கால்வாசி இறங்கியபோது பசுவின் தொடை நடுங்குகிறது, ஒரு பெரிய ஏப்பம் வருகிறது, தலை மெல்ல நிமிர்ந்து கன்றைத் தேடுகிறது. உடனே மடியிலிருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்குகிறது. "வேண்டாம்டி என் தங்கமே, குடுக்காத, இன்னிக்கு மட்டும் குடுக்காத," என்று அழுதபடி பாத்மா காம்புகளை இறுகப் பொத்துகிறாள். விரலிடுக்கில் பால் வெதுவெதுப்பாகக் கசிந்துகொண்டே இருக்கிறது.