கதறி அழுதார்

செய்தி காலையிலேயே எழுதப்பட்டு வெளியாகிவிட்டது. பாலம் கட்டும் இடத்தில் தவறி விழுந்து இறந்த இளைஞனின் பெயர், வயது, முகவரி எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரி: 'தாய் கதறி அழுதார்.' இயந்திரம் எழுதும் செய்திகளை நேரில் போய்ச் சரிபார்த்து, போனில் படம் பிடித்து உறுதி செய்வதுதான், சென்னைக்கு வந்து இரண்டே மாதமான நிருபர் இசக்கிமுத்துவின் வேலை. வியாசர்பாடியில் இது அவனுக்கு அன்றைய நான்காவது வீடு.

இறந்தவனின் தாய் கஸ்தூரி அழவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா" என்றாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. போனைப் பிடித்திருந்த அவன் கை மரத்துப்போனது.

"இன்னும் இன்னாப்பா வேணும்?"

அவன் கடைசி வரியைக் காட்டினான். கஸ்தூரி படித்தாள்.

"நான் அழுதாத்தான் நீ போவ முடியுமா?"

"ஆமாம்மா. இன்னும் மூணு வீடு இருக்கு."

"அழலன்னு போட்டுக்கயேன்."

"செய்தி தப்புன்னு ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. நான் ஒழுங்கா பாக்கலன்னு சொல்லுவாங்க."

வியர்வையில் நனைந்திருந்த அவன் சட்டையை அவள் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, புடி."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, என் புள்ள" என்று சும்மா ஒரு குரல் கொடுத்தாள். போனில் பச்சை டிக் விழுந்தது.

"போதும்மா" என்றான் இசக்கிமுத்து.

அவளால் நிறுத்த முடியவில்லை.

அடுத்த வீட்டின் முகவரி வந்துவிட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லியபடி அவன் படியிறங்கினான்.