சீட்டின் உயரம்

"ஆறடி நாலு அங்குலத்துக்கு ஏத்த ஃப்ரேம், இது ஒண்ணுதான் இருக்கு. தூரப் பயணத்துக்குன்னே லேசா செஞ்சது. பையனக் கூட்டியாங்க, அளவு பாத்து சீட்ட ஏத்தித் தரேன்," என்றார் சிதம்பரத்துச் சைக்கிள் கடைக்காரர்.

"இதத்தான் தேடிக்கிட்டே இருந்தான். ஸ்பேனரக் குடுங்க, வீட்ல ஏத்திக்கறோம்," என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் பழனிவேல்.

தேவனாம்பட்டினத்து வீட்டில் மனைவி சௌந்தரம் இலை போட்டு, வறுத்த வஞ்சிரம் வைத்திருந்தாள். மாலை போட்ட மகன் படத்தின்முன் சைக்கிளை நிறுத்தினார். வருஷப் படையல். கற்பூரம் காட்டினார்கள். செத்தவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று, வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டு வாசலில் காத்திருந்தார்கள்.

திறந்தபோது இலையில் எதுவும் குறையவில்லை.

"சீட்ட எப்பங்க ஏத்துனீங்க?" என்றாள் சௌந்தரம்.

பழனிவேல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஸ்பேனர் அங்கேயேதான் இருந்தது.