எங்க தலைவரை மட்டும்

"அவன் அவங்க ஆளுதான். சந்தேகமே வேணாம்" என்றார் துரைராஜ், இட்லியைப் பிய்த்துக்கொண்டே.

"யாரு, சவுரிமுத்துவா? நல்லாத்தானே பண்றான்" என்றாள் மனைவி கிளியம்மாள்.

"நல்லா பண்றான். நம்ம தலைவரை மட்டும் பண்றான்."

பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த துரைராஜ், தன் கட்சிக்கு வட்டச் செயலாளர். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் சீட்டு கேட்டிருந்தார். இந்த நேரம் பார்த்து ஒருத்தன் ஊர் ஊராக அவர் தலைவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டு திரிந்தால் வயிறு எரியாதா?

சவுரிமுத்து மிமிக்ரிக்காரன். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது, பாடகர்கள் டீ குடிக்கப் போகிற இடைவெளியில் மைக்கைப் பிடிப்பான். போன வாரம் பெருங்களத்தூரில் தலைவர் குரலில் பேசினான்.

"குடிக்கத் தண்ணி இல்லைன்னு மனு கொடுத்தீங்க. மழைக்காலத்துல வீட்டுக்குள்ளேயே அனுப்பி வெச்சேனே. இன்னும் என்ன குறை?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துரைராஜுக்கே சிரிப்பில் உதடு துடித்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சிச் சம்பந்தம் தொடையைத் தட்டிச் சிரிப்பதைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டார்.

இட்லியை முடித்துக் கை கழுவியவர் நேராக சவுரிமுத்து வீட்டுக்குப் போனார். அவன் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்கண்ணா."

"உக்கார வரல. நாளைக்கு நம்ம கோயில் மேடையில அவங்க தலைவரையும் பண்ற."

"அவரு கொரலு எனக்குச் சரியா வராதுண்ணா."

"வராதா, பண்ண மனசு இல்லையா? சம்பந்தம் வீட்டு உப்பைத் தின்னுட்டியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணா. கட்சியே வோணாம். நாயி, ரயிலு, பழைய ரேடியோ, எதுனா பண்ணிக்கிறேன்."

"நடுநிலைன்னா ரெண்டு பேரையும் பண்ணணும். முடியாதுன்னா சொல்லிடு. ஊரப்பாக்கம் வரைக்கும் எல்லாக் கோயில் கமிட்டியும் நமக்குத் தெரிஞ்சவங்கதான். இந்த ஆடியில உனக்கு எங்கயும் மைக் கெடைக்காது."

தோல் கம்பெனியில் ஆள் குறைத்து அவனை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது மேடையால்தான். உள்வாசலில் நின்றிருந்த அவன் மனைவி செல்வமேரி வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். சவுரிமுத்து அவளைப் பார்க்காமல், "சரிண்ணா" என்றான்.

மறுநாள் மேடையில் அவங்க தலைவரும் வந்தார். வராது என்றவனுக்கு அச்சு அசலாக வந்தது.

"போர்வெல் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வந்துவிட்டது. மாலை வந்துவிட்டது. நானும் வந்துவிட்டேன். போர்வெல்தான் வந்துகொண்டே இருக்கிறது."

துரைராஜின் ஆட்கள் விசிலடித்தார்கள். துரைராஜ் மேடையேறி, "பாரபட்சம் இல்லாத கலைஞன்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் சம்பந்தம் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற தன் ஆட்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே சவுரிமுத்துவை மடக்கி அடித்துப் போட்டுவிட்டார்கள்.

காலையில் துரைராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். போகிற வழியில் அச்சகத்தில் இறங்கி, 'நடுநிலைக் கலைஞன் மீது கொலைவெறித் தாக்குதல்' என்று போஸ்டருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். கீழே அவர் பெயர் கொட்டை எழுத்தில். இதைப் பார்த்தால் மேலிடம் சீட்டு கொடுக்காமலா போகும்?

சவுரிமுத்துவின் தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். துரைராஜைப் பார்த்ததும் அவன் ஏதோ சொல்ல முயன்றான். காற்றுதான் வந்தது.

"எலும்பு கூடிடுமாம். பழைய கொரலு வருமான்னு சொல்ல முடியாதாம்" என்றாள் செல்வமேரி. அழுது முடித்திருந்தாள்.

"ஒண்ணும் கவலைப்படாதம்மா. அவனுங்களை நாங்க சும்மா விட மாட்டோம்."

சொல்லிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டையைக் கழற்றியிருந்ததால் சவுரிமுத்துவின் தோள் தெரிந்தது. அதில் துரைராஜின் கட்சிக் கொடி. பச்சை குத்திப் பல வருஷமாகி நிறம் மங்கியிருந்தது.

"இது நம்ம கொடியாச்சே?"

"கண்ணாலத்துக்கு முன்னாடியே குத்திகினாருண்ணா. வெளிய தெரிஞ்சா மத்த ஊர்ல கச்சேரிக்குக் கூப்புட மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லிக்கல. ஓட்டெல்லாம் எப்பவும் உங்களுக்குத்தான்."

துரைராஜ் அந்தக் கொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்புறம் எதுக்கும்மா நம்ம தலைவரையே கிண்டல் பண்ணான்?"

செல்வமேரி புருஷனின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"முன்ன ஒரு தபா அவங்க தலைவரைப் பண்ணாருண்ணா. முன்பல்லு போச்சு. இப்ப கீறதெல்லாம் கட்டுன பல்லு. அன்னியிலருந்து நம்ம தலைவரு மட்டும்தான். நம்ம ஆளுங்ககிட்ட இன்னா வேணா பேசலாம், சிரிப்பாங்க, மேல கை வெக்க மாட்டாங்கன்னு சொல்லிகினே இருப்பாரு."

துரைராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். செல்வமேரியே அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அவரு சொன்னது சரிதாண்ணா. நீங்க கை வெக்கல."