ஃபேனை நிறுத்தினியா?

கஸ்தூரிரங்கன் காலமாகி, முதல் மாதத் திதியான மாசியம் முடிந்த மறுநாள், உச்சிவெயிலில், அடையாறு ஆபீஸின் மொட்டை மாடியில், அவர் சாய்சரணிடம் ஒரு கேள்வி கேட்டார்.

‘சாய், ஃபேனை நிறுத்தினியா?’

உயிரோடு இருந்தபோதும் அவர் வேறெதுவும் பெரிதாகக் கேட்டதில்லை. கேள்வி வந்தது, லேப்டாப்புக்காக இந்த ஆபீசில் உருவான சிலேட்டு அளவுத் திரையில். வெயிலில் கண் கூசாமல் படிக்கிற மாதிரி, கறுப்பு கறுப்பாக, அவருடைய அதட்டல் மாறாமல்.

கைப்பிடிச் சுவரில் வைத்த திரையை விட்டு சாய்சரண் பின்வாங்கினான். “வஜீஹா, இங்க வா. இதை யார் எழுதினது?”

போன் எடுக்கும் வஜீஹா எட்டிப் பார்த்தாள். “நீதானே பேட்டரி போட்டுக்கினு இருந்தே. என்னைக் கேக்குற?”

“இன்னும் போடவே இல்லை.” உள்ளங்கையைத் திறந்து காட்டினான். இரண்டு பென்சில் பேட்டரிகள், உறைகூடப் பிரிக்காமல்.

வஜீஹா திரையைத் திருப்பினாள். பேட்டரிக் குழி காலி. அப்படியே கீழே வைத்துவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் போன நாளிலிருந்து, கீழே அவர் வேலை செய்த அறையை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. வாசலில் செருப்பு அப்படியே கிடந்தது. சற்று முன், கரண்ட் போயிருந்த இருட்டில், அலமாரியிலிருந்து கறுப்புத் துணியோடு சாய்சரண் திரையை எடுத்து வந்தபோது, அது வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி.

இருவரும் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலுக்குக் கொண்டுபோனார்கள். எழுத்து மங்கி மறைந்தது. வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். வந்துவிட்டது.

“இன்னாடா பேய் இது, மத்தியானத்துல வருது?”

“வெயில்ல படிக்கத்தானே செஞ்சார்” என்றான் சாய்சரண்.

“உன் பேரைச் சொல்லித்தான் கூப்புடுது. இன்னா பண்ண நீ அவரை?”

நான்கு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு திரையைச் செய்தவர் கஸ்தூரிரங்கன். மேட்ச் நாட்களில் மட்டும் திரையின் பேட்டரியைப் பிடுங்கித் தன் டிரான்சிஸ்டரில் போட்டுக்கொண்டு, ஸ்கோர் கேட்டபடியே திரையில் எழுதியதைச் சரிபார்ப்பார். சாய்சரணின் வேலை வெளிப்பெட்டியும் பேட்டரி மூடியும்.

ஆனால் போன வாரம் அவன் தேனாம்பேட்டை கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தான். “திரை என் மூளை, மேடம். கூட இருந்தவர் பெட்டி செஞ்சவர். பாவம், காலமாயிட்டார்.” திரையை வாங்கும் ஜெயபாரதி மேடம் இன்று நேரில் வருகிறார். செய்தவன் பெயரில் உரிமைப் பத்திரம், கையோடு ஒரு வேலை. இது மயிலாப்பூரில் இருக்கும் கஸ்தூரிரங்கனின் மனைவி ஜானு மாமிக்குத் தெரியாது. மாமியின் கணவருக்கும் தெரியாது என்றுதான் சற்று முன்புவரை சாய்சரண் நினைத்திருந்தான்.

கைக்குட்டையால் துடைத்தான். குலுக்கினான். முதுகில் தட்டினான். கேள்வி நகரவில்லை.

“நிறுத்திட்டேன் சார்” என்றான் மெதுவாக.

“நெஜமாவே நிறுத்தினியா?” என்றாள் வஜீஹா.

யோசித்தான். கரண்ட் போயிருந்ததால் ஃபேன் நின்றிருந்தது, அவ்வளவுதான். இறங்கி ஓடி, அறைக்குள் கையை மட்டும் நீட்டி சுவிட்சை அணைத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்தான்.

‘சாய், ஃபேனை நிறுத்தினியா?’

“ஆத்துல தூக்கிப் போட்டுட்றா” என்றாள் வஜீஹா. “பாலம் பக்கத்துலதான் கீது.”

படிக்கட்டில் பேஜர் சத்தம் கேட்டது. ஜெயபாரதி மேலே வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சிரித்தாள். “நல்ல வெயில். இதுக்குத்தானே காத்திருந்தோம். எங்கே திரை?”

சாய்சரண் அதை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். “இந்தப் பீஸ் வேணாம் மேடம். கோளாறு. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு செஞ்சு தரேன்.”

“என்ன கோளாறு?”

அவனுக்கு வேறு பொய் வாயில் வரவில்லை. “பேட்டரியே இல்லை மேடம். எழுத்து மட்டும் போக மாட்டேங்குது.”

ஜெயபாரதி கையை நீட்டி வாங்கினாள். காலிக் குழியைப் பார்த்தாள். வெயிலில் பிடித்துக் கேள்வியைப் படித்தாள்.

“போன வருஷம் உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் எனக்கு போன் பண்ணார். எழுதறப்ப மட்டும் கரண்ட் குடுத்தா போதும், அப்புறம் பேட்டரியை உருவிட்டாலும் மாசக்கணக்கா எழுத்து நிக்கும், அப்படி ஒரு திரை செஞ்சிருக்கேன்னார். பேர் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. அது நீங்கதான்னு நினைச்சு வந்தேன்.”

சாய்சரண் தன் உள்ளங்கையில் இருந்த இரண்டு பேட்டரிகளைப் பார்த்தான்.

ஜெயபாரதி திரையைக் கறுப்புத் துணியில் பதமாகச் சுற்றிக்கொண்டு, வஜீஹாவிடம் திரும்பினாள்.

“பெட்டி செஞ்சவர் காலமாயிட்டாராமே, அவர் வீட்டுக்கு ஒரு போன் போடும்மா.”