உறவு கேட்ட கதவு

எங்கள் அடுக்ககத்தில் கதவுகள் கேள்வி கேட்டுத்தான் திறக்கும். வந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், உறவையும் சொல்ல வேண்டும். அப்பா, அண்ணன், மகன் என்று கதவின் பட்டியலில் உள்ள உறவாகவும் இருக்க வேண்டும். எனக்கு இது பெரிய வசதி. எதிர்வீட்டுக்கு யார் வந்தாலும் விசாரிக்கும் வேலை மிச்சம்.

எதிர்வீட்டு மகுடேஸ்வரி டீச்சர் தனிக்கட்டை. அன்று அவருக்கு எழ முடியாத காய்ச்சல். தூக்குப்போசியில் ரசம் சாதத்தோடு நாச்சிமுத்து வந்து நின்றார். இருவரும் தினமும் பூங்காவில் நடப்பவர்கள். தற்செயலாகச் சந்திப்பதாக டீச்சர் சொல்வார், நாங்களும் நம்புவோம்.

"உறவு?" என்றது கதவு.

"தெரிஞ்சவனுங்க."

"பட்டியலில் இல்லை."

"கூட நடக்கறவனுங்க."

"பட்டியலில் இல்லை."

ரசம் ஆறுகிறதே என்று எனக்கே பொறுக்கவில்லை. வெளியே தலையை நீட்டி, "அண்ணன்னு சொல்லிப்போடுங்க சார், உடனே தெறந்துக்கும்" என்றேன்.

அவர் கையிலிருந்த தூக்குப்போசியைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"அதை மட்டும் சொல்ல மாட்டனுங்க."

உள்ளே இருமல் சட்டென்று நின்றது. "ஏ கதவே, இனிமேல் யாருகிட்டயும் உறவு கேக்காதே. பேரு போதும்" என்றது டீச்சரின் கம்மிய குரல்.

"பெயர்?"

"நாச்சிமுத்துங்க."

கதவு திறந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கிற சாக்கில் நானும் போய் நின்றேன். கதவு என் பெயரைக் கேட்டது. உள்ளே டீச்சர் சிரிக்கும் சத்தம். இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

பெயரைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.