தாழ்ப்பாள்

"குறை ஏதாவது இருக்காம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பிரசவத்துக்கு வந்து ஐந்து நாள் படுத்திருந்தபோது தினமும் காலையில் இதே கேள்வி, இதே பதில். வாய்க்குப் பழகிவிட்டது. ஆனால் இன்று அவள் நோயாளி இல்லை. பிரசவ வார்டைச் சீர்செய்யும் குழுவில் தாய்மார்கள் சார்பாக வந்திருக்கும் புதுப் பிரதிநிதி.

முதல் கூட்டத்திலேயே தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கிளார்க் நோட்டில் ஒரு கோடு இழுத்தார். பேச்சு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது.

அவளைப் பழக்கிவிடும் பொறுப்பு மரகதத்துடையது. மூன்று வருடப் பிரதிநிதி. பக்கத்து நாற்காலியில் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். நீங்களாவது சொல்லுங்கள் என்று புதியவள் மரகதத்திடம் கண்ணால் கெஞ்சினாள்.

"நான் சொன்னா அது என் பேச்சாயிரும். நீயே சொல்லு கண்ணு."

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. மரகதத்துக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. வார்டுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.

உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடிக்க வேண்டும். தையல் போட்ட உடம்போடு நின்று அவளும் பிடித்திருக்கிறாள். ஆள் கிடைக்காமல் விடியும்வரை அடக்கிக்கொண்டும் கிடந்திருக்கிறாள். நினைத்தால் இப்போதும் அழுகை வரும்.

அடுத்த வாரம் அவள் தங்கை இதே வார்டுக்கு வருகிறாள்.

எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. மேசையைச் சுற்றி ஏழு ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை ஆண்கள் முன்னால் கழிப்பறை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"டாக்டர்... ஒரு நிமிசம் எங்கூட வந்து பாத்துருங்க."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். வந்தார்.

மரகதம் டீ டம்ளரோடு பின்னால் வந்தாள்.

கழிப்பறைக்குள் போன டாக்டரம்மா கதவைச் சாத்தினார். அது நிதானமாகத் திறந்துகொண்டது. பலமாகச் சாத்தினார். அதற்கும் மசியாமல் திறந்தது. மூன்றாம் முறை உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரும்மா வெளியில? கதவைக் கொஞ்சம் பிடிங்க!"

மரகதம் டீயை ஒரு வாய் குடித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் நேற்றுப் பிள்ளை பெற்றவள், வயிற்றைப் பிடித்தபடி வழக்கம்போலக் கதவுக்குக் காவல் நிற்க எழப் பார்த்தாள்.

புதுப் பிரதிநிதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, படுத்துக்கொள் என்று அவளுக்குக் கையைக் காட்டினாள்.